குலுங்கியது அப்பாவின் கால் அல்ல

கிள்ளானில் உள்ள அப்பாவின் வீட்டுக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய கார்ச் சாவியை நான்தான் வாங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவருக்கு வயது 71. அவர் எதுவும் சொல்லவில்லை. “சரி, வச்சுக்க” என்றார். அவ்வளவுதான்.

காரணம் சின்னது போலத்தான் தெரிந்தது. சில மாதங்களாக அப்பா ஓட்டினால் கார் குலுங்குகிறது. வேகமாகப் போகும்போது ஒன்றும் இல்லை. சாலைச் சந்திப்பு வருகிறது, டோல் சாவடி வருகிறது, முன்னால் போகிற வண்டி மெதுவாகிறது என்று காலை எடுத்தால் போதும். தலை முன்னும் பின்னும் ஆடுகிற மாதிரி கார் இழுத்து இழுத்து நிற்கும். அம்மாவுக்கு முதுகுவலி அதிகமானது. பின்னிருக்கையில் உட்கார்ந்த என் மகள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். “தாத்தா ஓட்டினா நான் வரமாட்டேன்” என்று சொல்லிவிட்டாள்.

“வயசாயிடுச்சு, கால்ல பிடிமானம் இல்ல” என்று அம்மா. “இனிமே இவரை ரோட்டுல விடக்கூடாது” என்று மச்சான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. நானோ பத்து வருடமாகத் தானியங்கிக் கார்தான் ஓட்டுகிறேன். அப்பாவின் காரை ஒருமுறையாவது நானே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

சாவி போன பிறகு அப்பா மாறிப்போனார். விடியற்காலையில் பாசாருக்குப் போவது, கோயிலுக்குப் போவது, நண்பர்களோடு தேத்தண்ணீர் குடிக்கப் போவது எல்லாம் நின்றது. வாசலில் நிற்கும் காரைத் துடைப்பதை மட்டும் விடவில்லை. ஓடாத காரைத் தினமும் துடைத்தார்.

மூன்றாவது வாரம், காரை விற்பதற்காக விலை கேட்கலாம் என்று நானே அதை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தாமானை விட்டு வெளியே வந்து, முதல் சிவப்பு விளக்குக்கு முன் இரண்டாம் கியரில் காலை எடுத்தேன். என் தலையும் முன்னும் பின்னும் ஆடியது.

எனக்கு வயது 38. என் காலில் பிடிமானம் இருக்கிறது.

முதல் பட்டறையும் 3,200 வெள்ளியும்

கார் 24 வயதானது. 1.5 லிட்டர் எஞ்சின், ஐந்து கியர், முன்சக்கரங்கள் இழுக்கும் வகை. பெயர் எதற்கு? இந்த நோய் எந்தத் தயாரிப்பிலும் வரக்கூடியது. 1985-ல் புரோட்டோன் சாகாவும், 1994-ல் பெரோடுவா கஞ்சிலும் வந்த பிறகு இந்த நாட்டில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் முதல் கார் வாங்கின. அவற்றில் பெரும்பாலானவை கியரைக் கையால் மாற்றுகிற கார்கள்தாம். அந்தத் தலைமுறைக் கார்கள் சில இன்னும் தாத்தாக்கள் வீட்டு வாசலிலும், முதல் வேலைக்குப் போகிற பிள்ளைகள் கையிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நான் போன முதல் பட்டறையில், ஒருவர் காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். “கியர் பாக்ஸ் போச்சு. கிளட்சையும் சேர்த்து மாத்திடுங்க. 3,200 வெள்ளி ஆகும்” என்றார். பானெட்டைத் திறக்கவே இல்லை. காரை விற்றாலே அவ்வளவு கிடைக்குமா என்பது சந்தேகம். மச்சானிடம் சொன்னேன். “இரும்புக் கடைக்குத் தள்ளிடு” என்றார்.

அப்பாவிடம் சொன்னபோதுதான், மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. “கியர் வெண்ணெய் மாதிரி விழுது. கியர் பாக்ஸ் எப்படிப் போகும்?” பிறகு, தாமானுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்னப் பட்டறைக்குப் போகச் சொன்னார். ஒரே ஒரு லிஃப்ட், ஒரே ஒரு உதவியாள், வாசலில் ஒரு பூனை. அங்கே இருந்த மெக்கானிக் அண்ணன் காரைத் தொடுவதற்கு முன்னால் கேள்விதான் கேட்டார்.

கேட்ட கேள்விகள்

“தம்பி, பிரேக் மிதிச்சா குலுங்குதா, இல்ல எண்ணெய விட்டவுடனே குலுங்குதா?”

இதுதான் முதல் கேள்வி. இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவரே பக்கத்தில் உட்கார்ந்து, ஆள் இல்லாத தொழிற்பேட்டைச் சாலையில் என்னை ஓட்டச் சொன்னார். பிரேக்கைத் தொடாமல், எக்ஸலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுக்கச் சொன்னார். கார் குலுங்கியது. அடுத்து, கிளட்சை முழுக்க மிதித்துக்கொண்டு பிரேக் பிடிக்கச் சொன்னார். தண்ணீரில் படகு நிற்பதுபோல் கார் வழுக்கி நின்றது.

“அப்போ பிரேக் இல்ல, சக்கரம் இல்ல” என்றார்.

பிரேக் தட்டு கோணியிருந்தால், பிரேக் மிதிக்கும்போது பெடல் காலுக்கடியில் துடிக்கும். ஸ்டியரிங்கும் சேர்ந்து ஆடலாம். கிளட்சை மிதித்தாலும் அந்த ஆட்டம் நிற்காது. கிளட்சை மிதித்தவுடன் குலுக்கல் நின்றுவிட்டது என்றால், கோளாறு எஞ்சினிலிருந்து சக்கரம் வரைக்கும் உள்ள அந்த இணைப்பில் எங்கோ இருக்கிறது என்று பொருள். ஒரு காசு செலவில்லாமல் காரில் பாதியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கியாகிவிட்டது.

“எந்த கியர்ல அதிகம்?” ஒன்றிலும் இரண்டிலும் மிக அதிகம், மூன்றில் கொஞ்சம், நான்கில் தெரியவே இல்லை. சின்ன கியரில் எஞ்சினின் விசை பெருக்கப்பட்டுச் சக்கரத்துக்குப் போகிறது. ஆகவே எஞ்சின் பக்கத்து முரண்டு எதுவானாலும் அங்கேதான் பெரிதாகத் தெரியும்.

“ஒரு தடவை ‘டக்’குனு இடிக்குதா, திரும்பத் திரும்பவா?” முதலில் ஒரு ‘டக்’, அதன் பிறகு நான்கைந்து ஆட்டம்.

“ஏர்கோன் அடைச்சா?” அடைத்துப் பார்த்தோம். குறையவில்லை. சில பழைய கார்களில் குளிர்சாதனக் கம்பிரஸர் சேர்ந்து பிரியும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் ஒரு சின்ன இடி வாங்கும். எங்கள் காரில் அது இல்லை.

“கியர் மாத்தும்போது சத்தம், வழுக்கல்?” இல்லை. “திரும்பும்போது முன் சக்கரத்துல ‘கடகட’?” இல்லை. ‘கடகட’ என்றால் டிரைவ் ஷாஃப்ட் மூட்டைப் பார்க்க வேண்டும் என்றார்.

கடைசிக் கேள்வி எனக்கு விசித்திரமாகப் பட்டது. “இது ஆரம்பிச்சதுக்கு முன்னாடி காருக்கு என்ன வேலை பார்த்தீங்க?” அப்பாவுக்குத் தொலைபேசியில் கேட்டேன். ஆறு மாதத்துக்கு முன், வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது என்று வேறொரு பட்டறையில் காட்டியிருக்கிறார். அங்கே ஏதோ முடுக்கிக் கொடுத்தார்களாம். காசுகூட வாங்கவில்லையாம்.

அண்ணன் சிரித்தார். “பார்க்கலாம்” என்றார்.

காலை எடுத்தால் என்ன நடக்கிறது?

கியரைக் கையால் மாற்றும் காரில், கிளட்ச் மிதிக்காதவரை எஞ்சினும் சக்கரமும் நேரடியாகப் பிணைந்திருக்கின்றன. தானியங்கிக் காரில் பெரும்பாலும் நடுவில் ஒரு எண்ணெய் இணைப்பு இருந்து அதிர்வை விழுங்கிக்கொள்ளும். இங்கே அந்த மெத்தை இல்லை.

எக்ஸலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் சக்கரத்தைத் தள்ளுகிறது. காலை எடுத்த அந்த நொடியில் நிலைமை தலைகீழாகிறது. இப்போது ஓடுகிற சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றுகிறது. விசை திசை மாறும்போது வழியில் உள்ள எல்லாத் தளர்வுகளும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய் இடிக்கும். பல்சக்கரங்களுக்கு இடையில், ஷாஃப்ட் மூட்டுகளில், கிளட்ச் தட்டின் சுருள்வில்களில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தளர்வு இருக்கும். புதிய காரிலும் இது உண்டு. ஆனால் உணர முடியாத அளவு.

இன்னொன்றும் நடக்கிறது. எஞ்சின் காரின் உடலோடு நேரடியாக முடுக்கப்பட்டிருக்கவில்லை. இரும்பும் ரப்பரும் சேர்ந்த சில தாங்கிகளில் உட்கார்ந்திருக்கிறது. பட்டறையில் ‘எஞ்சின் மவுண்டிங்’ என்பார்கள். எங்களுடையதைப் போன்ற கார்களில் எஞ்சின் குறுக்காக இருக்கும். மிதித்தால் ஒரு பக்கம் சாயப் பார்க்கும், விட்டால் மறுபக்கம். அதைப் பிடித்து நிறுத்துவது முன்னும் பின்னும் உள்ள மவுண்டிங்குகள். அந்த ரப்பர் வெடித்துப் போனால் எஞ்சின் ஊஞ்சல் ஆடும்.

மூன்றாவது விஷயம் பெட்ரோல். எலக்ட்ரானிக் முறையில் எரிபொருள் பீய்ச்சும் கார்களில், கால் முழுக்க எடுபட்டு, எஞ்சின் இன்னும் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தால், கணினி பெட்ரோலை நிறுத்திவிடும். சக்கரமே எஞ்சினைச் சுழற்றும்போது பெட்ரோல் எதற்கு? சுற்று இறங்கி, நின்றுவிடும் நிலைக்கு வருமுன் மறுபடியும் பெட்ரோலைத் திறக்கும். எந்தச் சுற்றில் என்பது காருக்குக் கார் வேறுபடும். இந்த ‘நிறுத்து, திற’ ஒரே தடவை நடந்தால் தெரியாது. கணினி குழம்பிப்போய் மாற்றி மாற்றிச் செய்தால், யாரோ காரைப் பின்னாலிருந்து பிடித்துப் பிடித்து விடுவது போல இருக்கும்.

பானெட்டைத் திறந்தபோது

அண்ணன் பானெட்டைத் திறந்தார். கைப்பிரேக்கை இறுக்கி, கால் பிரேக்கையும் மிதித்துக்கொள்ளச் சொன்னார். முன்னால் யாரும் நிற்கக்கூடாது என்று உதவியாளையும் பூனையையும் விரட்டினார். அவர் பக்கவாட்டில் நின்றார். முதல் கியர் போட்டு, கிளட்சை மெல்ல விட்டு, அது பிடிக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். பிறகு ரிவர்ஸ் கியரில் அதையே செய்யச் சொன்னார்.

“இறங்கி வந்து பாருங்க தம்பி.” அவர் உட்கார்ந்து செய்ய, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எஞ்சின் மூன்று விரல்கடை உயரத்துக்கு எம்பி விழுந்தது. நல்ல மவுண்டிங் என்றால் லேசாக அசைந்து நிற்க வேண்டுமாம்.

லிஃப்டில் ஏற்றியதும் பின் மவுண்டிங் தெரிந்தது. ரப்பர் நடுவிலேயே கிழிந்து, இரும்பு இரும்போடு முட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் கேட்ட ‘டக்’ அதுதான். முன் மவுண்டிங்கிலும் வெடிப்பு.

“இது பாதிதான்” என்றார். எக்ஸலரேட்டர் கேபிளைத் தொட்டுக் காட்டினார். அந்தக் கேபிளில் சில மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். எங்கள் காரில் அது வீணைத் தந்தி போல விறைத்திருந்தது. ஆறு மாதத்துக்கு முன் யாரோ ‘முடுக்கிக் கொடுத்தது’ இதைத்தான். மிதித்தவுடன் வண்டி பாய்வது போலத் தோன்றும் என்பதற்காக.

அதன் விளைவைக் கேளுங்கள். கேபிள் இறுக்கமாக இருப்பதால், கால் எடுத்த பிறகும் காற்று நுழையும் தட்டு முழுதாக மூடவில்லை. தட்டு மூடியதா இல்லையா என்று பார்த்துத்தான் கணினி பெட்ரோலை நிறுத்துகிறது. அதற்குமேல், மவுண்டிங் கிழிந்ததால் எஞ்சின் ஆடுகிறது. கேபிளின் ஒரு முனை ஆடும் எஞ்சினில், மறுமுனை ஆடாத உடலில். எஞ்சின் ஒவ்வொரு முறை சாயும்போதும் கேபிள் தட்டைச் சற்றுத் திறக்கிறது, நிமிரும்போது மூடுகிறது. தட்டு திறந்தால் எஞ்சின் உந்துகிறது, உந்தினால் மறுபடி ஆடுகிறது. ஒரு ஆட்டம் அடுத்த ஆட்டத்தைப் பெற்றுக்கொண்டே போகிறது.

“இதுல கால் என்ன பண்ணும்?” என்று நான் கேட்டேன். அண்ணன் சொன்னது எனக்கு உறைத்தது. “வண்டி ஆடினா உடம்பு ஆடும். உடம்பு ஆடினா பெடல் மேல இருக்கிற காலும் ஆடும். எந்த மனுஷனுக்கும் அப்படித்தான். பெரியவர் கால்ல குத்தம் இல்ல தம்பி. வண்டிதான் அவர் காலை ஆட்டுது.”

285 வெள்ளி

பின் மவுண்டிங் 95 வெள்ளி, முன் மவுண்டிங் 70, கூலி 80. காற்றுத் தட்டு இருக்கும் த்ரோட்டல் பாடியில் கரி படிந்திருந்தது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய 40. கேபிளைத் தளர்த்தியதற்குக் காசு வாங்கவில்லை. மொத்தம் 285 வெள்ளி, ஒரு மத்தியானம்.

வேலை முடிந்ததும் அதே சாலையில் ஓட்டினேன். இரண்டாம் கியரில் காலை எடுத்தேன். கார் மூச்சு விடுவது போல மெதுவானது. மிக லேசான ஒரு அசைவு மிச்சம் இருந்தது. “24 வயசு வண்டி. அந்த அளவு இருக்கத்தான் செய்யும்” என்றார் அண்ணன்.

உங்கள் காரும் குலுங்கினால்

பெரிய தொகை சொல்லும் பட்டறைக்குத் தலையாட்டுவதற்கு முன், இந்த வரிசையில் நீங்களே பாருங்கள்.

முதலில், வாகனம் இல்லாத நேரான சாலையில், மிதமான வேகத்தில், பிரேக்கைத் தொடாமல் காலை மட்டும் எடுத்துப் பாருங்கள். அடுத்து, கிளட்சை மிதித்துக்கொண்டு பிரேக் பிடித்துப் பாருங்கள். இறக்கத்தில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் பெடல் துடித்தால், கார் ஒரு பக்கம் இழுத்தால், ஸ்டியரிங் நடுங்கினால், சோதனையை நிறுத்திவிட்டு அன்றே பட்டறைக்குப் போங்கள். அது காத்திருக்கிற வேலை அல்ல.

கால் எடுக்கும்போது மட்டும் குலுங்கினால், முதலில் விலை குறைந்தவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்: மவுண்டிங்குகள், கேபிளின் தளர்வு, த்ரோட்டல் பாடியின் அழுக்கு, வெடித்துக் காற்று கசியும் ரப்பர்க் குழாய்கள். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. அதன் பிறகு தட்டின் நிலையைக் கணினிக்குச் சொல்லும் சென்சாரை மீட்டர் வைத்துப் பார்க்கலாம். தட்டை மெல்லத் திறக்கத் திறக்க மின்னழுத்தம் தடங்கலின்றி ஏற வேண்டும். நடுவில் தாவினால் சென்சார் தேய்ந்திருக்கிறது. காலை மிதிக்கும்போதும் எஞ்சின் திக்கினால் ஸ்பார்க் பிளக், அதன் கம்பிகள் பக்கம் பார்க்க வேண்டும். ஷாஃப்ட் மூட்டு, கிளட்ச், கியர் பாக்ஸ் எல்லாம் கடைசியில். கியர் சத்தமில்லாமல் விழுந்து, வழுக்காமல் நிற்கிறது என்றால், கியர் பாக்ஸைத் திறக்க ஒப்புக்கொள்ளுமுன் இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். நல்ல மெக்கானிக் தானே எடுத்துக் காட்டுவார்.

ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நெரிசலில் இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து, எஞ்சின் சுற்று 1,000-க்குக் கீழே இறங்கும்வரை கிளட்சை மிதிக்காமல் இருந்தால், நல்ல காரும் குலுங்கத்தான் செய்யும். காலை வெடுக்கென்று எடுக்காமல், ஒரு நொடி எடுத்துக்கொண்டு விடுங்கள். தானியங்கிக் காரிலேயே பழகிவிட்டு அப்பாவின் பழைய காரை எடுக்கிற என்னைப் போன்றவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறோம்.

சாவி

அன்று மாலை அப்பாவிடம் சாவியைக் கொடுத்தேன். என்ன சொல்வது என்று வழி முழுக்க யோசித்து வைத்திருந்தேன். வாசலில் அவரைப் பார்த்ததும், “மவுண்டிங் கிழிஞ்சிருந்துச்சுப்பா” என்று மட்டும்தான் வந்தது.

“பழசு எங்க?” என்றார்.

பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்த கிழிந்த மவுண்டிங்கைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய், சமையலறை மேசையில், அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அம்மா அதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “முதல்ல அந்த அழுக்க எடுங்க மேசையிலிருந்து” என்றார். ஆனால் அவரே எழுந்து தேத்தண்ணீர் கலக்கப் போனார்.

வயதானவர்கள் எல்லாரும் ஓட்டிக்கொண்டே இருக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்த வாரம் அப்பாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். புதிய கண்ணாடி வந்தது. இரவில் இனி ஓட்டுவதில்லை என்று அவரே முடிவு செய்தார். அது அவர் எடுத்த முடிவு. நான் சாவியைப் பையில் போட்டுக்கொண்டதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குப் பாசாருக்குக் கிளம்பினோம். அப்பா ஓட்டினார். பின்னிருக்கையில் என் மகள். முதல் சிவப்பு விளக்கு வந்தபோது நான் என்னையறியாமல் கைப்பிடியைப் பிடித்தேன். கார் மெதுவாகி நின்றது. கண்ணாடி வழியாக மகளைப் பார்த்தேன். அவள் தூங்கிப் போயிருந்தாள்.